ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு ஜெபமாலை

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம். இரவு ஏழு மணி ஜெபமாலை எங்கள் வீட்டில் ஒருநாளும் தவறியதில்லை. படகுப் பங்குத் தகராறில் கொழுந்தனார் வீட்டோடு நான்கு வருடமாகப் பேச்சு இல்லை, மாமியாரும் அங்கேதான். அதனால் ஜெபம் சொல்லும்போது அந்தப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திவிடுவோம். இந்த வருடமும் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போய் வந்தோம். இப்படி வளர்த்த மகன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் பூசைக்குப் போவதில்லை. நண்பர்கள் முன்னால் சிலுவை அடையாளம் போட்டுச் சாப்பிடக் கூச்சப்படுகிறான். அவனை எப்படித் திருத்துவது?

பதில்: அம்மா, மகன் கதை இருக்கட்டும். ஜன்னலை "மட்டும்" சாத்துவதாக எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்!

தினமும் எழுந்து போய் அதைச் சாத்தியது யார்? வீட்டில் இளையவனைத்தானே ஏவியிருப்பீர்கள்? கடலோர வீட்டுத் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடக்கும். தட்டித் தட்டித்தான் ஏறும். அந்தச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் மாமியார் காதில் விழாமலா இருக்கும்? உங்கள் கணவருக்கு முதன்முதலில் அருள்நிறை மரியே சொல்லிக்கொடுத்த வாய் அவருடையது. பங்கு யாருக்கு எவ்வளவு என்பதை ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. பெற்றவளை ஜெபத்துக்கு வெளியே நிறுத்தியதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு ஜெபமாலையில் 6 முறை "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" வருகிறது. "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்று ஓர் இரவுக்கு 6 முறை சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. உங்கள் மகன் காது கேட்கிற பிள்ளை. சிலுவை போட அவன் கை ஏன் கூசுகிறது என்று எனக்குப் புரிகிறது.

கச்சத்தீவை வேறு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 1974 ஒப்பந்தத்தில் தீவை இலங்கைக்குக் கொடுத்தபோதும், பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் நம் யாத்திரிகர்கள் போய்வர அதிலேயே இரண்டு அரசாங்கங்களும் வழி வைத்தன. வலை அறுந்ததென்று கடலில் நம்மோடு சண்டை போடுகிற அக்கரை மீனவர்களும் அந்தோனியார் முன்னால் நம்மோடு ஒரே பூசையில் முழந்தாளிடுகிறார்கள். அவர்களோடு சமாதானம் சொல்லிவிட்டு வீடு திரும்பி, கூடப்பிறந்தவன் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறீர்களே, இது என்ன நியாயம்?

நாளைக்கே நடுக்கடலில் தம்பியின் இன்ஜின் நின்றுபோனால் உங்கள் கணவர் கயிறு கட்டி இழுத்து வரமாட்டாரா? வருவார். எந்தக் கடற்கரை மனிதனும் வருவான். கடலில் செய்வதைக் கரையில் செய்ய என்ன தடை?

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் செய்துகொள் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது நமக்குத்தான். இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், அண்ணனும் தம்பியும் வீட்டில்தான் இருப்பார்கள். இன்று மாலையே நீங்களும் கணவருமாகப் போய் மாமியார் பக்கத்தில் உட்காருங்கள். ஏழு மணிக்கு ஜெபமாலையை அவரையே தொடங்கச் சொல்லுங்கள்.

மகனிடம் பூசை பற்றியோ சிலுவை பற்றியோ இப்போதைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம். சித்தப்பா வீட்டுக்குப் போய் வந்தோம் என்று மட்டும் போனில் சொல்லுங்கள்.