சி கம்பைலருக்கு ஏன் இத்தனை பொதி?

கேள்வி: உபுண்டு இயங்குதளத்தில் சி கம்பைலர் (சி மொழி நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) போட்டால் மென்பொருள் பொதி பொதியாக இறங்குகிறது. ரீலோட் காசு கரைகிறது. எல்லாம் வேணுமா? தோழி ஏற்கெனவே இறக்கிவிட்டாள்; அவளிடம் வாங்கலாமா?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, நீங்கள் 'பில்ட்-எசென்ஷியல்' என்ற கூட்டுப்பொதியைக் கேட்டிருப்பீர்கள். அதோடு சி பிளஸ் பிளஸ் கம்பைலர், நிரல் கட்டும் கருவியான மேக் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். சி மட்டும் போதுமென்றால் கம்பைலரான 'ஜிசிசி', தலைப்புக் கோப்புகள் (சி நிரலின் தொடக்கத்தில் சேர்ப்பவை) உள்ள 'லிப்சி6-டெவ்' இரண்டையும் கேளுங்கள். இயந்திர மொழியாக்கும் அசெம்பிளரும் துண்டுகளை இணைக்கும் லிங்கரும் உள்ள 'பின்யூட்டில்ஸ்' தானாகவே வரும். ஃபோர்ட்ரான் என்ற இன்னொரு மொழியின் கம்பைலர் தனிப்பொதி, அதனால்தான் அது உங்கள் தலையில் விழவில்லை.

லிப்சி டெவ்வை மட்டும் மிச்சம்பிடித்துவிடாதீர்கள். நான் பிடித்தேன். ஹட்டன் கடையில் இறக்கிக்கொண்டு லயத்துக்கு வந்து நாலு வரி எழுதினால், தலைப்புக் கோப்பே இல்லையாம்! மறுநாள் திரும்ப பஸ் ஏறினேன், மழையோடு.

தோழியிடமும் அதே உபுண்டு பதிப்புத்தானா? பொதி இறக்கும் கட்டளையான 'ஆப்ட்-கெட்'டில் இறக்கியவை அவர் கணினியின் 'ஆர்க்கைவ்ஸ்' கோப்புறையில் கிடக்கும்; பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.