ஊசியும் தட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் வாப்பா எழுபதுகளில் கொழும்பில் வியாபாரம் பார்த்தவர். அங்கிருந்தும் இங்கிருந்தும் வாங்கிச் சேர்த்த இங்கிலீஷ் ரெக்கார்டுகள் மொட்டைமாடி அறையில் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. பீட்டில்ஸ், டீப் பர்ப்பிள், சந்தானா என்று அட்டைகளில் இருக்கிறது. எல்லாவற்றிலும் வெள்ளைப் பூசணம். சில தட்டுகள் மட்டும் கனமாக, அட்டை இல்லாமல் இருக்கின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்கிறான் தம்பி. துடைக்கலாமா? - வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் அந்த ஸ்பிரிட் பாட்டிலைத் தம்பியிடமிருந்து வாங்கி வையுங்கள். கனமான தட்டுகள் அரக்கில் செய்தவையாக இருக்கலாம். தச்சர்கள் பாலிஷுக்கு அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தான். ஒரு தடவை துடைத்தால் போதும், பாட்டு பஞ்சோடு வந்துவிடும்.

அரக்குத் தட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். கொஞ்சமும் வளையாது, பக்கத்துக்கு ஒரு பாட்டுதான் இருக்கும், கீழே விழுந்தால் உடைந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று. ‘அது பழைய நாடகப் பாட்டாகத்தான் இருக்கும்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். மேல்நாடுகள் 78-ஐக் கைவிட்ட பிறகும், அறுபதுகளில் நம் நாட்டில் பீட்டில்ஸ் பாட்டுகளை 78 அரக்குத் தட்டாக அச்சடித்தார்கள். கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆலையின் சரக்கு அது. அப்படி ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடுகிற பொருள் உங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது என்று அர்த்தம்.

மற்றவை வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த எல்.பி. தட்டுகள். இவற்றைக் கழுவலாம். ஆனால் நம் கரையோரத்து போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தண்ணீர் காய்ந்ததும் அதிலுள்ள உப்பு, ஊசி ஓடுகிற பள்ளங்களான வரிகளுக்குள் தங்கிவிடும், பிறகு ஊசி அதன்மேல்தான் ஓடும். பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, ஒரே துளி போதும். நடுவிலுள்ள லேபிள் நனையாமல், மென்மையான பிரஷ்ஷால் வரி ஓடுகிற போக்கிலேயே வட்டமாகத் தடவுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி வையுங்கள். காய்ந்ததும் பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூசணம் போன இடத்தில் வரிகள் கன்னங்கரேல் என்று பளபளக்கும், மிச்சமிருக்கும் இடம் பால் தெளித்த மாதிரி மங்கித் தெரியும். அந்த இடத்தை மட்டும் மறுபடி கழுவினால் போதும். அரக்குத் தட்டுக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான், ஆனால் ஊற வைக்காமல் சட்டென்று துடைத்து எடுத்துவிட வேண்டும்.

பழைய உள்ளுறைகளைத் திரும்பப் போடாதீர்கள், பூசணம் அவற்றில்தான் குடியிருக்கிறது. இன்னொன்று, பெட்டியை இன்றே கீழே இறக்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் மாடி அறைக்குள் தகரப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறினால் வினைல் இளகி நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. அடுக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். கழுவி முடித்த தட்டுகளைத் திரும்பப் பூட்டி வைக்காமல் மாதம் ஒருமுறையாவது போட்டுக் கேளுங்கள். காற்றுப் படாமல் புழுங்கும் தட்டில்தான் பூசணம் பிடிக்கும். உங்கள் வாப்பா பாட்டுக் கேட்கத்தானே வாங்கினார்?

கேள்வி: வீட்டில் பழைய எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டி இருக்கிறது. ராக் எல்.பி.க்களை அதில் போடலாமா? நண்பன் புது டர்ன்டேபிள் வாங்கி ஆம்பிளிஃபயரில் மாட்டினான், சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. - வாசகர், உச்சிப்புளி

பதில்: ஃபியஸ்டாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எத்தனையோ வீடுகளில் பாட்டை ஒலிக்க வைத்த பெட்டி அது. ஆனால் அதன் ஊசித்தலை பழைய வகை, தட்டின்மேல் கனமாக உட்காரும். இன்றைய காந்த வகை ஊசித்தலைகள் பெரும்பாலும் 2 கிராம் அழுத்தத்திலேயே வாசித்துவிடும். அதனால் நல்ல நிலையில் உள்ள எல்.பி.யை ஃபியஸ்டாவில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் ஊசியையாவது புதிதாக மாற்றுங்கள். தேய்ந்த ஊசி ஒரே ஓட்டத்தில் வரிகளைச் செதுக்கிவிடும்.

நண்பரின் டர்ன்டேபிளில் பழுது எதுவும் இருக்காது. காந்தத் தலையிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். போதாக்குறைக்கு, தட்டில் வரிகளை வெட்டும்போதே பாஸை, அதாவது அடித்தொனியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அந்தச் சன்னமான ஒலியைப் பெருக்கி, அதைத் திருப்பிச் சமன் செய்ய போனோ ப்ரீ-ஆம்ப் என்ற முன் ஆம்பிளிஃபயர் வேண்டும். பழைய ஆம்பிளிஃபயராக இருந்தால் பின்னால் ‘போனோ’ என்றே ஒரு சாக்கெட் இருக்கும், அதில் மாட்டட்டும். பக்கத்திலுள்ள எர்த் திருகில் டர்ன்டேபிளின் மெல்லிய வயரையும் முடுக்க வேண்டும், இல்லையென்றால் ஹம்மிங் கேட்டுக்கொண்டே இருக்கும். ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் சரிசெய்து பிழைப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். நம் உப்புக் காற்றில் வயர் முனையிலுள்ள பின்கள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். ஒரு பக்க ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று என்னிடம் வருகிற செட்டுகளில் பாதிக்குமேல் அந்தப் பச்சையைத் துடைத்தாலே சரியாகிவிடுகின்றன.

கேள்வி: அண்ணே, பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ தட்டு என்னிடம் இருக்கிறது, இங்கிலாந்து அச்சு. கடைசிப் பாட்டில் பியானோ அடங்கியதும் யாரோ உளறுகிற மாதிரி ஒரு சத்தம், திரும்பத் திரும்ப வருகிறது. கையால் ஊசியைத் தூக்கும்வரை நிற்கவில்லை. தட்டு கெட்டுவிட்டதா? - வாசகர், தொண்டி

பதில்: கெடவில்லை தம்பி, நல்ல தட்டு. எல்லா எல்.பி.யிலும் கடைசி வரி தன்னைத்தானே சுற்றுகிற மூடிய வட்டம்தான். சாதாரணமாக அதில் சத்தம் இருக்காது. 1967-ல் வந்த இந்தத் தட்டில் அவர்கள் அந்த வட்டத்துக்குள்ளும் தங்கள் குரல்களைப் பதித்துவிட்டார்கள். 33⅓ சுற்று என்பதால் ஒரு வட்டத்துக்கு 1.8 விநாடி, நீங்கள் தூக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குச் சற்று முன்னால் மிக உயர்ந்த ஸ்தாயியில் ஒரு விசில் சத்தமும் உண்டு. வயதானவர்கள் காதில் விழாது, வீட்டு நாய் காதை நிமிர்த்தலாம்.

ஊசிக் கை தானாக எழும்பும் பிளேயரில் இந்த உளறலை முழுதாகக் கேட்க முடியாது. பீட்டில்ஸ் எனக்கு அறிமுகமானது பாம்பனில், இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில். கடல் தாண்டி அத்தனை தெளிவாகக் கேட்கும். இருந்தும் இப்படி ஒரு வரி இருப்பது தட்டு கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: இந்திய அச்சு என்றால் மதிப்பே இல்லையாமே? - வாசகர், ராமநாதபுரம்

பதில்: மேலே கீழக்கரை வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள். எல்.பி.க்களில் நல்ல அச்சும் உண்டு, சுமாரானதும் உண்டு. எந்த ஊர் அச்சு என்பதைவிட வரிகள் எப்படி இருக்கின்றன என்பதே முக்கியம். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த தட்டு. விலை கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அட்டையை மட்டும் படமெடுத்து அனுப்புகிறீர்கள். லேபிளையும், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் உள்ள வெற்றிடத்தில் கீறியிருக்கும் எண்ணையும் டார்ச் அடித்துத் தெளிவாக எடுத்து அனுப்புங்கள். எந்த அச்சு என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் பார்ப்போம்.