கடலோர வயர்லெஸ், டவர், பூஸ்டர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

குளச்சல்: அண்ணாச்சி, படகில் இருக்கும் விஎச்எப் வயர்லெஸ் செட்டில் எல்லாரும் 16-ஆம் சேனலில்தான் கிடக்கிறோம். அதிலேயே பேசினால் என்ன?

எல்லாரும் அதில் கிடப்பதால்தான் பேசக் கூடாது, தம்பி. அந்தச் சேனலின் அலைவரிசையான 156.8 மெகாஹெர்ட்ஸ் உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கென்று ஒதுக்கியது. ஆளைக் கூப்பிடலாம், கிடைத்ததும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். இது எஃப்எம் முறை. ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால் பலமான குரலைத்தான் ரிசீவர் பிடிக்கும். பக்கத்து விசைப்படகு 25 வாட்டில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தால், தூரத்தில் தண்ணீர் ஏறும் வள்ளத்தின் குரல் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. மைக் பொத்தான் கயிற்றுக்கடியில் அழுந்திக் கிடந்தாலும் இதே கதிதான், சேனல் அடைபட்டுவிடும். பேசி முடித்ததும் மைக்கைக் கொக்கியில் மாட்டுங்கள்.

தக்கலை: வீட்டுக்குள் செல்போன் சிக்னல் இல்லை. ஆன்லைனில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம். அனுமதியில்லாமல் மாட்டுவது சட்டப்படி குற்றம். அது டவரின் காதில் இரைச்சலைக் கொட்டும், சுற்றியுள்ள வீடுகளுக்கும் அழைப்பு அறுந்துபோகும். வீட்டு இணையம் வழியாகப் பேச உதவும் வைஃபை காலிங் போடுங்கள்.

தூத்தூர்: 16-ஐ மரியாதையாக வைத்திருந்து என்ன பயன்? ஒக்கிப் புயலில் எங்கள் ஆட்கள் கூப்பிட்டது யாருக்குக் கேட்டது?

உங்கள் கோபம் நியாயமானது. விஎச்எப் ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். 4 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு படகுகளுக்கிடையே சுமார் 16 கிலோமீட்டர். கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் 33 வரை எட்டும். வாட்டைக் கூட்டினாலும் இது பெரிதாக மாறாது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது, தங்கல் போன (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும்) படகுகள் அந்த எல்லைக்கு வெகு அப்பால் கிடந்தன. அங்கே செயற்கைக்கோள் வழி வேண்டும்: இஸ்ரோ உருவாக்கிய டாட் எனும் ஆபத்து எச்சரிக்கைக் கருவி. அது ஒவ்வொரு ஆழ்கடல் படகிலும் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் நானும் கூட நின்று கேட்பேன்.

திருவட்டாறு: மலையோரத்தில் இருக்கிறோம், பூஸ்டர்...

மேலே தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குளச்சல்: கடல் பொது, காற்றும் பொது. பேச எதுக்கு லைசென்ஸ்?

பொது என்பதால்தான் ஒழுங்கு வேண்டும். 1933-இலேயே வயர்லெஸ் கருவிக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. யார் எந்த அலைவரிசையில் எத்தனை வாட் என்று பகிராவிட்டால், பெரிய செட் வைத்திருப்பவன் மட்டும் பேசுவான். கட்டுமர ஆளுக்கு யார் இடம் கொடுப்பது?

தூத்தூர்: அந்த ஒழுங்கு கரையோரத்துக்குத்தானே?

இல்லை. 200 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தாலும், கவிழும் படகுக்கு முதலில் கை கொடுப்பது பக்கத்தில் தங்கலிருக்கும் இன்னொரு படகுதான். டாட் கரைக்குச் சொல்லும், 16 அந்தப் படகுக்குச் சொல்லும். இரண்டும் வேண்டும்.

கோட்டாறு: திருவிழாத் தொண்டர்களுக்கு வாக்கிடாக்கி?

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் வேலை செய்யும் குறைந்த சக்தி செட்டுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 136 முதல் 174 வரை எதையும் பிடிக்கும் மலிவு செட்டை வாங்காதீர்கள். அதில் 16-ஆம் சேனலும் அடங்கும்.

களியக்காவிளை: போன் கேரள டவருக்குத் தாவுகிறது.

அலை சோதனைச் சாவடியில் நிற்காது. செட்டிங்கில் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம்: சின்ன பூஸ்டர் என்றால் பரவாயில்லையா?

சின்னதும் வேண்டாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

குளச்சல்: சரி அண்ணாச்சி, மாறிப் பேசுகிறோம். கரையில் இருக்கும் வீட்டார் யாரைக் கூப்பிடுவது?

கடலோரக் காவல் படை, 1554. படகின் பெயர், பதிவு எண், கடைசியாகப் பேசிய இடம் மூன்றையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.