மாமனார் சொல்வது பொய்யா, மறதியா?

கேள்வி: என் மாமனாருக்கு 61 வயது. பர்மாவில் பெகு ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பல வருஷமாகச் சாயங்காலம் குடிப்பார். குடித்தால் சோறு இறங்காது, லபே என்கிற புளிக்கவைத்த தேயிலையைக் கொஞ்சம் மென்றுவிட்டுப் படுத்துவிடுவார். இரண்டு மாதத்துக்கு முன்னால் விடாமல் வாந்தி எடுத்தார். பக்கத்து கிளினிக்கில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாந்தி நின்றது. ஆனால் தள்ளாட ஆரம்பித்தார், எல்லாம் ரெட்டையாகத் தெரிகிறது என்றார், நாலைந்து நாள் ஆள் அடையாளம் தெரியாமல் உளறினார். இப்போது பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில்லை. வாசல்படி இறங்காதவர், “நேற்று பீலிக்கான் கோயிலுக்குப் போனேன், சரியான கூட்டம்” என்கிறார். 1987இல் நோட்டு செல்லாமல் போன கதையை மட்டும் பிசகாமல் சொல்கிறார். இறந்துபோன பெரிய மாமாவை எங்கே என்று தினமும் கேட்கிறார். வயசானால் வருகிற மறதிதானே என்கிறார் அத்தை. வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று என் கணவருக்குக் கோபம். இது எதனால்? சரியாகுமா?
– ஒரு வாசகி, பெகு

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா, காரணத்தை அப்புறம் பேசலாம். இந்த வாரமே அவரை ரங்கூனில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எனக்கு எழுதியதை அதே வரிசையில் அவரிடமும் சொல்லுங்கள்: குடி, சோறு இறங்காதது, வாந்தி, குளுக்கோஸ், தள்ளாட்டம், ரெட்டைப் பார்வை, குழப்பம், மறதி. “மறதி” என்று மட்டும் சொன்னால் ஞாபக சக்தி மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது வெர்னிக்–கோர்சகாஃப் நோய். தயமின் என்கிற பி1 சத்து மூளையில் வற்றிப்போவதால் வருவது. நம் உடம்பு சேர்த்துவைக்கும் பி1 மொத்தமே சுமார் 30 மில்லிகிராம்தான். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். குடிப்பவருக்குக் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. போதாததற்கு லபேயிலும் பாக்கிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் பி1ஐக் கெடுக்கக்கூடியவை. அதன்மேல் வாந்தியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

குளுக்கோஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க மூளைக்கு பி1 தேவை. இருப்பு வற்றிய உடம்பில் பி1 போடாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சம் மீதியும் அதிலேயே செலவாகி, பதுங்கியிருந்த நோய் வெளியே வந்துவிடலாம். குடிப்பழக்கம் உள்ளவருக்கோ, நாள்கணக்கில் சாப்பிடாதவருக்கோ பாட்டில் ஏற்றுகிற இடத்தில் “பி1 போட்டீர்களா?” என்று வீட்டார் தயங்காமல் கேட்கலாம். சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இதைக் குடிகாரர் நோய் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. 1942இல் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்தவர்களுக்குச் சாராய வாசனையே கிடையாது, தீட்டிய வெள்ளை அரிசிதான் சாப்பாடு. அங்கிருந்த மருத்துவர்கள் இதே நோயை 52 பேரிடம் கண்டு 1947இல் எழுதினார்கள். பர்மாவில் இன்றும் பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் என்று சோறும் உப்பும் மட்டும் கொடுக்கிற வீடுகளில், தாய்ப்பாலில் பி1 இல்லாமல் கைக்குழந்தைக்கு பெரிபெரி என்கிற பி1 குறைவு நோய் வந்து உயிரே போகிறது. புழுங்கல் அரிசியில் இந்தச் சத்து தங்கிவிடும். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பாதிப் பேருக்குப் புழுங்கலும் மறு பாதிக்குப் பச்சரிசியும் போட்டுப் பார்த்த ஃப்ளெட்சர் என்ற மருத்துவர், பெரிபெரி பச்சரிசிப் பக்கமே வந்ததை 1907இல் வெளியிட்டார். நம் பாட்டிமார் புழுங்கலை விடாமல் வைத்திருந்தார்கள். இங்கே வந்து பச்சரிசிக்கு மாறியவர்கள் நாம்தான்.

இனி உங்கள் கணவருக்கு. மாமனார் பொய் சொல்லவில்லை. பொய் சொல்பவருக்கு உண்மை எது என்று தெரிந்திருக்கும், இவருக்கு அது தெரியாது. பழைய பேரேடுகள் எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, இன்றைய கணக்கை எழுதுகிற கை மட்டும் நின்றுபோயிருக்கிறது. அதனால்தான் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனதும், பிறகு 45ம் 90ம் வந்ததும் பிசகாமல் வருகின்றன. நேற்று என்ன செய்தோம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அந்தக் காலி இடத்தில் என்றைக்கோ போன கோயிலை மூளையே எடுத்து வைத்துவிடுகிறது. இப்படிப்பட்டவர் முன்னால் விரல்களுக்கு நடுவே நூல் பிடித்திருப்பதுபோல் வெறுங்கையை நீட்டி, “இது என்ன நிறம்?” என்று கேட்டால், சிலர் நிதானமாக “வெள்ளை” என்பார்கள். கேலி அல்ல, அவருக்கு அது வெள்ளை நூல்தான்.

ஆகையால் “நீ எங்கே போனாய், பொய் சொல்லாதே” என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். “கோயிலில் என்ன விசேஷம்?” என்று துருவித் துருவிக் கதை வளர்க்கவும் வேண்டாம். பேச்சை மெல்ல மாற்றுங்கள். பெரிய மாமாவைக் கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் இறந்த செய்தியைச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அவர் அதைப் புதிதாகக் கேட்டு அழ வேண்டியிருக்கும். “பெரியவர் ஞாபகம் வந்துவிட்டதா மாமா?” என்று கேட்டு, அவரைப் பற்றியே பேசவிடுங்கள்.

சரியாகுமா என்றால், தள்ளாட்டமும் கண்ணும் பி1 ஊசிக்குப் பெரும்பாலும் கேட்கும். மறதி அவ்வளவு சுலபமாக விடாது. சுமாராக நாலில் ஒருவருக்கு நன்றாகத் திரும்புகிறது, பாதிப்பேருக்கு ஓரளவு, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. ஒரு வருஷம், அதற்கு மேலும்கூட மெல்ல மெல்லத் தேறுகிறவர்கள் உண்டு. இரண்டு மாதம் போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் கடையில் வாங்கும் மாத்திரை ஆரம்பத்தில் போதாது. பி1 ஊசியை ரத்தக் குழாயில் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் வீதம் தினம் 3 வேளை, சில நாள் போடுவது வழக்கம். மக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்திருந்தால் பி1 வேலை செய்யாது. மாத்திரை அதற்கப்புறம்.

அத்தை சொல்வதுபோல் முதுமை மறதியாக இருந்தால் வருஷக்கணக்கில் நைசாக வரும், இன்ன வாரத்தில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் தள்ளாடிய நாட்களில் தலையில் அடிபட்டிருந்தால் மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து உறைந்திருக்கலாம், அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். தைராய்டு, பி12 இரண்டையும் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்றும் அத்தையிடம் விசாரியுங்கள்.

குடி அடியோடு நிற்க வேண்டும். ஆனால் இன்னும் தினம் குடிக்கிறார் என்றால் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்துவதுதான் பத்திரம். பீலிக்கானுக்கு வேண்டுதல் ஏதும் இருந்தால் தாராளமாகப் போங்கள், ஊசி முடிந்த பிறகு.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கடைப் பத்திரத்திலோ கடன் சீட்டிலோ இப்போது அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். நல்ல எண்ணத்தில் வாங்கினாலும் வேண்டாம். கல்லாச் சாவி கொஞ்ச நாள் அத்தையிடம் இருக்கட்டும். கடையில் வழக்கமான இடத்தில் அவர் உட்காரட்டும். சாமான் கட்டுகிற கைப்பழக்கம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.