ஓட்டு, குடியுரிமை, சட்டமன்றம்: ஓய்வுபெற்ற வட்டாட்சியரிடம் கேளுங்கள்

வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் பாதி வேலை வாக்காளர் பட்டியலோடுதான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாக்காளர் அட்டை இருந்தால் இந்தியக் குடிமகன் என்பதற்கு அதுவே சான்றுதானே? (சேலம்)

இல்லை. குடிமக்கள்தான் வாக்காளர் ஆக முடியும், சரி. ஆனால் அட்டை அடையாளத்துக்கு மட்டுமே. குடியுரிமையை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த தேதியை வைத்து முடிவு செய்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சிலர் தவிர, பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1-லிருந்து தாய், தந்தை இருவரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது.

தேதிக்கு எவ்வளவு கனம் பாருங்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு மண்டபம் அகதி முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. அதே முகாமில் அடுத்த ஆண்டு ஆடி மாதம் பிறந்த குழந்தைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால்தான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் எழுதாமலே பதிவான சான்றிதழ்கள் நம் ஊரில் ஏராளம்.

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய மாமாவிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருக்கிறது. ஓட்டுப் போடலாமா? (காரைக்குடி)

முடியாது. வேறு நாட்டுக் குடியுரிமையை அவராக வாங்கியபோதே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அங்கே வேலை செய்பவர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6ஏ கொடுக்கலாம்.

ஆதார் இருந்தால்? (ஓசூர்)

ஆதார் இங்கே வசிப்பவருக்குத் தருவது. குடியுரிமைச் சான்று அல்ல.

என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் என்ன செய்வது? (விருதுநகர்)

திரும்பிப் போகாதீர்கள். ஒரு தேர்தலில் மதியம் மூன்று மணிக்கு ஒரு பாட்டி வந்தார். பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே ஏற்கெனவே கோடு. "போங்க பாட்டி, ஓட்டு விழுந்தாச்சு" என்றார் ஒரு முகவர். பாட்டியின் விரலைப் பார்த்தேன், மை இல்லை. கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் உண்மையான வாக்காளருக்குத் தரும் டெண்டர் ஓட்டுக்கான சீட்டைக் கொடுத்தோம். தனிப் பட்டியலில் கைநாட்டு வைத்து, மறைவில் போய் அம்புக்குறி முத்திரையைக் குத்தி, மடித்துத் தந்தார். அதைத் தனி உறையில் வைத்தோம். நீதிமன்றம் சொன்னால் ஒழிய அது எண்ணப்படாது என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "எம்பேரு பதிவாயிருச்சுல்ல, அது போதும்" என்றார்.

முதல்வரை நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம்? நடுவில் ஆள் மாறினால் மறுதேர்தல் வேண்டாமா? (திருவாரூர்)

நாம் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.வை. அவையில் பெரும்பான்மை யாருக்கோ அவர் முதல்வர். அந்தப் பெரும்பான்மையை அவைக்குள்தான் எண்ண வேண்டும் என்று 1994-ல், கர்நாடக முதல்வராக இருந்த எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் விழுந்ததும் மக்களவைக்குள்தான்.

அப்படியானால் எம்.எல்.ஏ. தொகுதி மக்கள் பேச்சைக் கேட்பாரா, கொறடா பேச்சையா? கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லாவிட்டால் ஆளாளுக்கு விலை போவார்களே. (கோவை, வழக்கறிஞர்)

கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியைப் பறிக்கும் அந்தச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1985-க்கு முன்பு நடந்த தாவல்களைப் பார்த்தவன். என் மனக்குறை, தீர்ப்புச் சொல்லும் இடம் பேரவைத் தலைவர் என்பதில். நம் பேரவையில் 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி அரசுக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேருக்குப் பதவி போகவில்லை. ஏழு மாதம் கழித்து, முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்த ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் 18 பேர் தகுதி இழந்தார்கள்.

அந்தத் தகுதி நீக்கத்தை 2018-ல் உயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதே? (மீண்டும் கோவை)

ஏற்றது, அதுவும் இரு நீதிபதிகள் மாறுபட்டு, மூன்றாமவர் சொன்ன பிறகு. நான் கேட்பது வேறு. அந்த 18 தொகுதிகளும் 2019 மே வரை, ஏறக்குறைய இருபது மாதம், எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தன. குடிநீருக்கு மனு எழுதியவர் யாரிடம் போயிருப்பார்? நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் கொறடா உத்தரவு இருக்கட்டும். மற்றதில் உறுப்பினர் தன் தொகுதிக்காகப் பேசி, தன் மனப்படி ஓட்டுப் போடட்டும். தகுதி நீக்க மனுவைத் தலைவர் கையிலிருந்து எடுத்து, ஒரு தீர்ப்பாயத்திடம் கொடுக்கட்டும். இதில் நான் மாற மாட்டேன்.

ரேஷன் கார்டு குடியுரிமைச் சான்றா? (தர்மபுரி)

இல்லை. சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பான் கார்டு, ஓட்டுநர் உரிமம் என்று கேட்ட மற்ற நால்வருக்கும் இதே பதில்தான். பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள்.

கல்யாணமாகி மதுரை வந்துவிட்டேன். பெயர் இன்னும் அம்மா வீட்டு முகவரியில் இருக்கிறது. (மதுரை)

முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. புதிதாகச் சேர்க்கிற 6-ஐக் கொடுத்தால் இரண்டு இடத்திலும் பெயர் நிற்கும், அது குற்றம். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள் அம்மா.