தனியாகப் பல நாடுகளைச் சுற்றும்போது வழியில் நண்பர்கள் கிடைப்பார்களா?

அறிமுகமில்லாதவர்களிடம் எளிதில் பேச வராத ஒருவர், முதுகுப்பையுடன் தனியாகப் பல நாடுகளைச் சுற்றினால் வழியில் நண்பர்கள் கிடைப்பார்களா, கிடைத்தாலும் பயணம் முடிந்த பிறகு அந்த நட்பு நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் என் பதில் ஆம் என்பதே. ஆனால் "கூச்சத்தை விட்டுவிடுங்கள், நீங்களே வலியச் சென்று பேசுங்கள்" என்று வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரையை நான் தரப்போவதில்லை. எந்த வண்டியில் ஏறுகிறோம், எந்த விடுதியில் தங்குகிறோம், ஓர் ஊரில் எத்தனை நாள் இருக்கிறோம் என்ற முடிவுகள்தாம் வழியில் நட்பை உண்டாக்குகின்றன என்பது என் உறுதியான நம்பிக்கை. ஒரே மனிதர்களுடன் பல மணி நேரம், வேறு வேலை எதுவும் இல்லாமல் இருக்க நேரும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால், அதிகம் பேசாதவருக்கும் நண்பர்கள் அமைவார்கள்.

கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. வெறும் அறிமுகமாக இருப்பவர் சாதாரண நண்பராக மாறுவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்று மனதாரச் சொல்லும் நிலைக்கு வர ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். அதிலும் அலுவலகத்தில் அருகருகே வேலை செய்யும் நேரத்தைவிட, ஓய்வாகச் சேர்ந்திருக்கும் நேரமே அதிகம் பயன்படுகிறது. அன்றாட வாழ்வில் ஒருவருடன் ஐம்பது மணி நேரம் ஓய்வாகச் செலவிடுவதற்கு மாதங்கள் ஆகும். பயணத்திலோ, சரியான பாதையைத் தேர்ந்தெடுத்தால், ஒரு வாரத்துக்குள் அது கூடிவிடும்.

நான் கண்ட சிறந்த எடுத்துக்காட்டு, லாவோஸில் மேகாங் ஆற்றில் செல்லும் படகு. பயணிகள் அனைவரும் அதை 'ஸ்லோ போட்' என்றே சொல்வார்கள். வடக்குத் தாய்லாந்தின் சியாங் கோங் அருகே, 2013-இல் திறக்கப்பட்ட நட்புறவுப் பாலத்தைக் கடந்து லாவோஸின் ஹுவாய் சாய்க்குச் சென்றால், அங்கிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு நாள் படகுப் பயணம். முதல் நாள் மாலை பாக்பெங் என்ற சிற்றூரில் படகு நின்றுவிடும். கரையேறி இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் புறப்பட வேண்டும். நீண்டு குறுகிய மரப் படகில், பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். நான் சென்ற படகில் அவை தரையோடு முடுக்கப்படவில்லை. எனவே முன்னால் இருப்பவர் சற்றுச் சாய்ந்தாலும் பின்னால் இருப்பவரின் முழங்காலில் இடிக்கும். இவர் மன்னிப்புக் கேட்பார், அவர் பரவாயில்லை என்பார், பேச்சு தானாகவே தொடங்கிவிடும். பின்பக்கம் எஞ்சினுக்கு அருகில் இடம் கிடைத்தவர்கள் இரைச்சல் தாங்காமல் அவ்வப்போது முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களுக்காக யாராவது எழுந்து இடம் மாறுவார்கள். இரண்டாம் நாள் நண்பகலுக்குள் ஏறக்குறைய எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறையாவது அமர்ந்துவிட்டோம்.

எனக்கு அடுத்த இருக்கையில் பிரேசிலைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் இருந்தார். அவருடைய பையின் தோள்பட்டை தையல் விட்டுப் பிரிந்திருந்தது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலை ஊசியில் கோத்து அதைத் தைத்துக்கொண்டிருந்தவர், பட்டையை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாமல் என்னைப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். கனமான பட்டை, மெல்லிய ஊசி; ஒரு விரற்கடை தைப்பதற்கே நெடுநேரம் ஆனது. அந்த வேலை முடிவதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டு வந்த காரணம், என் வீட்டில் இந்தப் பயணத்தைப் பற்றி எழுந்த எதிர்ப்பு, இருவருக்கும் இருந்த அச்சங்கள் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தோம். நேருக்கு நேர் அமர்ந்து பேசுவதைவிட, கை ஒரு வேலையில் இருக்கும்போது பேசுவது கூச்சமுள்ளவர்களுக்கு எளிது. இதை எங்கும் கடைப்பிடிக்கலாம்: வலிய உரையாடலைத் தொடங்குவதற்குப் பதிலாக ஒரு சிறு உதவியைக் கேளுங்கள், அல்லது செய்யுங்கள்.

2021 டிசம்பரில் லாவோஸ்–சீன ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு, லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகர் வியன்டியான் செல்வதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் போதும். அந்நாட்டு மக்களுக்கு அது பெரும் நன்மை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படகுக்குப் பின் அந்த ரயிலில் ஏறியபோது என் அருகில் இருந்தவரின் பெயரைக் கூட நான் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு மணி நேரத்தை ஜன்னலும் கைபேசியும் எடுத்துக்கொண்டன. ஆகவே உங்கள் பயணத் திட்டத்தில் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மெதுவான பகுதியையாவது வேண்டுமென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நடைப்பயணம் படகைவிடவும் மெதுவானது. பிரான்சின் சான்-ஷான்-பியே-து-போர் என்ற ஊரிலிருந்து பிரனீஸ் மலையைக் கடந்து, ஸ்பெயினின் சாண்டியாகோ டி கம்போஸ்டெலா வரை செல்லும் 'கமீனோ' வழி கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். முழுவதையும் நடந்து முடிக்க ஐந்து வாரங்கள் வரை ஆகும். யாத்திரையாகத் தொடங்கியது என்றாலும், இன்று எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும், சமய நம்பிக்கை இல்லாதவரும் நடக்கிறார்கள். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது பெரும்பாலானோரின் அளவு என்பதால், காலையில் தனித்தனியாகப் புறப்பட்டவர்கள் மாலையில் ஒரே விடுதியில் மீண்டும் கூடுகிறார்கள். நேற்றுக் காலில் கொப்புளத்துடன் பார்த்தவரை இன்று பார்க்கும்போது "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்க எந்தத் துணிச்சலும் தேவைப்படாது. அப்படிச் சேரும் கூட்டத்தை நடப்பவர்கள் 'கமீனோ குடும்பம்' என்றே அழைக்கிறார்கள். பேசப் பிடிக்காத நாளில் நடையைச் சற்றுத் தளர்த்திப் பின்தங்கினால் போதும். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கூச்சமுள்ள ஒருவருக்கு முதல் தனிப்பயணமாக நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, பயணிகள் அறையைப் பகிர்ந்து தங்கும் ஹாஸ்டல் என்ற அமைப்பே சேர்ந்து தங்குவதற்காகப் பிறந்தது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், 1909-இல் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது புயல் மழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. அன்று அவருக்குத் தோன்றிய எண்ணமே 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதியாக உருவெடுத்தது. இன்று ஹாஸ்டல் என்ற பெயரில் எத்தனையோ வகை இருக்கின்றன. முன்பதிவு செய்யும்போது, முன்பு தங்கியவர்கள் தந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதை விட, விருந்தினர்கள் பயன்படுத்தக்கூடிய பொதுச் சமையலறை இருக்கிறதா என்று பாருங்கள். இருபது படுக்கைகள் கொண்ட பெரிய அறையில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. நான்கு முதல் எட்டுப் படுக்கைகள் உள்ள அறையில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் கடினம். பெண்களுக்கு மட்டுமான அறைகளும் பல விடுதிகளில் உண்டு.

பேசினால் மற்றவர் எரிச்சலடைவார் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். சிகாகோவில் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகிய ஆய்வாளர்கள் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ரயிலிலும் பேருந்திலும் செல்வோர் சிலரிடம் பக்கத்தில் இருப்பவருடன் பேசுமாறும், சிலரிடம் தனித்திருக்குமாறும் கேட்டுக்கொண்டார்கள். பேசாமல் செல்வதே இனிமையாக இருக்கும் என்று பெரும்பாலானோர் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசிச் சென்றவர்களுக்கே பயணம் இனிமையாக அமைந்தது. பேச்சுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் நம்முடைய தவறான ஊகம்தான்.

பயணிகளுடன் மட்டுமே பழகிவிட்டுத் திரும்புவது எனக்குக் குறையாகத் தோன்றுகிறது. உள்ளூர் மக்களுடன் பழக, ஓர் ஊரில் சில நாட்கள் தங்கி, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். வியட்நாமின் ஹனோயில் ஹோவான் கியெம் ஏரிக்கரையில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் உடற்பயிற்சி செய்வார்கள். மாலையில் ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் மாணவர்கள் வெளிநாட்டினரைத் தேடி வருவார்கள். முதல் நாள் நீங்கள் சுற்றுலாப் பயணி; மூன்றாம் நாள் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்குச் செல்லும் 1,726 கிலோமீட்டர் ரயில் பாதையிலும் இதே அனுபவம் கிடைக்கும். ஆறு படுக்கைகள் உள்ள பெட்டியில் பகல் நேரத்தில் கீழ்ப் படுக்கை அனைவருக்கும் பொது இருக்கையாகிவிடும். மொழி தெரியாவிட்டாலும் குழந்தைகளின் புகைப்படங்களைக் காட்டி மணிக்கணக்கில் உறவாடுகிறார்கள்.

எல்லா இரவுகளையும் முன்பதிவு செய்துவிடாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். "நாளை நாங்கள் அங்கே போகிறோம், வருகிறீர்களா?" என்று ஒருவர் கேட்கும்போது, ஏற்கெனவே பணம் கட்டிய அறையும் டிக்கெட்டும் உங்களைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதே நேரத்தில் விசா நாட்களைக் கணக்கில் வையுங்கள். எடுத்துக்காட்டாக, பொது விசா முறையைப் பின்பற்றும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலப் பயணிகள் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. உங்களுடன் வருபவரின் பாஸ்போர்ட்டுக்கு வேறு விதி இருக்கலாம். அவருடைய திட்டம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யாருடைய பையையும் எல்லைச் சாவடியில் உங்கள் கையில் வாங்கிச் செல்லாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் அறையில் விட்டுச் செல்வதானால் லாக்கரில் பூட்டுங்கள். புதிதாகப் பழகியவருடன் வெளியூர் செல்லும்போது, எங்கே, யாருடன் செல்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது செய்தி அனுப்புங்கள். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மது அருந்தியதாகக் கருதப்படும் நிகழ்வில் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். கூட்டத்தில் சேர்வதற்காக, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மதுவை அருந்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மறுத்தால் விலகிப்போகும் நட்பு உங்களுக்குத் தேவையில்லை.

இனி, உங்கள் இரண்டாவது கேள்வி. வழியில் பழகியவர்கள் எல்லோரும் வாழ்நாள் நண்பர்களாக மாட்டார்கள். மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. படகில் உருவாக்கிய வாட்ஸ்அப் குழுவில் புகைப்படங்கள் குவிந்தன. பயணம் முடிந்த சில மாதங்களில் குழு அமைதியாகிவிட்டது. அதனால் அந்த இரண்டு நாட்களின் நெருக்கம் பொய்யாகிவிடவில்லை. எனினும் தொடர வேண்டும் என்று மனம் விரும்பும் ஒருவரோ இருவரோ இருந்தால், குழுவை நம்பாமல் தனியாக எழுதுங்கள். "நலமா?" என்று பொதுவாகக் கேட்காமல், சேர்ந்து கண்ட ஒன்றைக் குறிப்பிட்டு, அவர் அன்று சொன்ன கவலை இப்போது என்னவாயிற்று என்று கேளுங்கள். ஹால் கணக்கிட்ட இருநூறு மணி நேரத்தில் மீதி இதுபோன்ற அழைப்புகளில்தான் சேரும். நேர வேறுபாடு இருப்பதால், இருவருக்கும் ஒத்துவரும் ஒரு கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்துகொள்வது நல்லது.

பிரேசில் நாட்டுச் செவிலியருடன் நான் இன்றும் அப்படித்தான் பேசிவருகிறேன். அவர் மருத்துவமனை வேலைக்குத் திரும்பிவிட்டார். இரவுப் பணி முடிந்து வரும் ஞாயிறு காலைகளில் அழைப்பார். போர்ச்சுகலின் போர்ட்டோவிலிருந்து சாண்டியாகோவுக்குச் செல்லும் பாதையை இரண்டு வாரத்தில் நடந்து முடிக்கலாம் என்பதால், அடுத்து அதைச் சேர்ந்து நடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இருவருக்கும் ஒன்றாக விடுப்புக் கிடைக்கும் மாதத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.