சட்ட ஆலோசனை: நாய் இறந்துவிட்டது, கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்று வயது லாப்ரடோர் நாய். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடையில் இறக்குமதி நாய்த் தீனைப் பெயர் சொல்லிக் கேட்டு, திறந்திருந்த 20 கிலோ சாக்கிலிருந்து 5 கிலோ நிறுத்து வாங்கினார். பன்னிரண்டு நாள் கழித்து நாய்க்கு வாந்தி, கண் மஞ்சள். கல்லீரல் செயலிழந்துவிட்டது என்று மிருக வைத்தியர் எழுதினார். நான்காம் நாள் இறந்துவிட்டது. அன்று பின்னேரமே வளவு மாமரத்தடியில் புதைத்துவிட்டார்கள். கடைக்காரர் "நாய்தானே, வேறொன்று வாங்குங்கோ" என்றாராம். அதே பெயருள்ள தீனை வெளிநாட்டில் திரும்பப் பெற்ற செய்தியைப் பிறகு படித்தவர், கடையின் பெயர்ப்பலகைப் படத்தோடு "நஞ்சு விற்கும் கடை" என்று முகநூலில் போட்டிருக்கிறார். 20 இலட்சம் ரூபாய் நட்டஈடு கேட்கலாமா என்பது கேள்வி. தீன் வாங்கி இரண்டு மாதமும் பத்து நாளும் ஆகிறது.

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அதை மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். "கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போதே இலேசான பூஞ்சண மணம் அடித்தது, வெளிநாட்டுத் தீன் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்." கடைக்காரரின் சட்டத்தரணிக்கு இந்த ஒரு வரி போதும்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரி விற்றால் அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் இதைச் சொல்லும் அதே 15ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் கையில் எடுத்தீர்கள், மணந்தீர்கள், வாங்கினீர்கள், பன்னிரண்டு நாள் கொடுத்தீர்கள். பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியதால், "நாய்க்கு ஏற்றது என்று அவர் தந்தார், நம்பி வாங்கினேன்" என்ற வாதமும் பலமிழக்கிறது. மண விஷயத்தை மறைக்கும்படி நான் சொல்லமாட்டேன். சாட்சிக் கூண்டில் கேட்பார்கள், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல முடியாது.

கடைக்காரர் சொன்ன சொல், தீன் நிறுவனம் மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் போடாதது, பிள்ளைகள் ஒரு கிழமை சாப்பிடாதது இவற்றை நான் வாசித்தேன். வருத்தமாக இருந்தது. வழக்கில் இவற்றுக்கு இடமில்லை. சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் அசையும் சொத்து. மருத்துவச் செலவும் நாயின் பெறுமதியும் கேட்கலாம், துயரத்துக்கு விலை கேட்க முடியாது. அமெரிக்காவில் 2007இல் மெலமைன் என்ற இரசாயனம் கலந்த தீனால் பூனைகளும் நாய்களும் இறந்தபோது 6 கோடிக்கு மேற்பட்ட டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றார்கள். அந்த வழக்குகளும் 2.4 கோடி டொலர் இணக்கத்தில்தான் முடிந்தன. அந்தப் பணமும் செலவுக்கும் பொருள் இழப்புக்கும் உரியதுதான்.

திரும்பப் பெற்ற செய்தி உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நம்பியிருக்கிறீர்கள். திரும்பப் பெறுவது ஒரு பெயர் முழுவதையும் அல்ல, குறிப்பிட்ட தொகுதி இலக்கங்களை. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கலந்த நாய்த் தீனைத் திரும்பப் பெற்றபோதும் அப்படித்தான். அடுத்த மாதத்துக்குள் அங்கே 110 நாய்களுக்கு மேல் இறந்ததாக அறிவித்தார்கள், ஆனாலும் எந்தப் பை என்பதைப் பின்பக்கத்தில் அச்சடித்த எழுத்தையும் திகதியையும் வைத்தே சொன்னார்கள். உங்கள் 5 கிலோ வந்தது பெயரில்லாத பொலித்தீன் பையில். சீட்டில் "நாய்த் தீன் 5 கிலோ" என்று மட்டும் இருக்கிறது. எந்தத் தொகுதி என்று கடைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தச் சாக்கும் இந்நேரம் முடிந்திருக்கும்.

மீதி ஒரு கிலோ சமையலறை வாளியில் இருக்கிறது, பரிசோதனைக்கு அனுப்பலாமா என்கிறீர்கள். அனுப்பலாம். அஃப்ளாடொக்சின் சோளத்திலும் கடலையிலும் வளரும் பூஞ்சணத்தின் நஞ்சு, சூடாக்கினாலும் முழுதாகப் போகாது. செல்லப்பிராணித் தீனுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். உங்கள் மாதிரியில் அதைவிடப் பத்து மடங்கு வந்தாலும் எதிர்த்தரப்பு கேட்கப்போவது ஒன்றுதான். யாழ்ப்பாணத்துச் சூட்டில் இரண்டு மாதம் வாளியில் கிடந்த தீனில் பூஞ்சணம் எங்கே வளர்ந்தது, கடையிலா உங்கள் வீட்டிலா? அதோடு, மஞ்சள் பூத்துச் சாகிற நாய்க்கு எலிக்காய்ச்சலும் காரணமாகலாம், உண்ணிக்காய்ச்சலும் காரணமாகலாம். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சலில் மனிதர்களே இறந்தார்கள். நாயின் தடுப்பூசி அட்டையில் கடைசி ஊசிக்கு 14 மாதம் ஆகிவிட்டது. பிரேத பரிசோதனை இல்லை. இப்போது தோண்டாதீர்கள், உங்களுக்கு உதவுகிற எதுவும் அங்கே மிஞ்சியிருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் வழக்கில் தோற்கும் ஆபத்து. தோற்றால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழலாம். அதைவிட எனக்குப் பயமாக இருப்பது முகநூல் பதிவு. பாதிக்கப்பட்டவராக என்னிடம் வந்தவர்கள் பிரதிவாதியாகத் திரும்பிப் போனதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், எல்லோரும் விழுந்தது இதே இடத்தில்தான்.

நம் நாட்டில் அவதூறு 2002இலிருந்து குற்றம் இல்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் துணிகிறார்கள். சிவில் வழக்கு அப்படியே இருக்கிறது. இங்கே அதற்குப் பின்பற்றும் ரோமன் டச்சுச் சட்டத்தில் "உண்மையைத்தான் சொன்னேன்" என்பது மட்டும் போதாது. உண்மை என்றும், அதைச் சொன்னது பொதுநன்மைக்கு என்றும் சொன்னவரே நிரூபிக்க வேண்டும். அதாவது, உங்கள் வழக்கில் உங்களால் நிரூபிக்க முடியாத அதே விஷயத்தை அவர் போடும் வழக்கிலும் நீங்களே நிரூபிக்க வேண்டும். உங்கள் நாய்க்கு விலை 20 இலட்சம் என்று வைத்தால், அவர் தன் வியாபாரத்துக்கு எத்தனை இலட்சம் வைப்பார் என்று யோசியுங்கள்.

என்னிடம் வந்த ஒருவர், தென்மராட்சியில் கோழி வளர்ப்பவர், தீவனத்தால் முந்நூறு குஞ்சு செத்ததென்று வீடியோ போட்டார். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை என்றே நான் இன்றும் நம்புகிறேன். பிறகு விற்பனையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: "மூன்று இலட்சம் தந்தால் வீடியோவை எடுக்கிறேன்." அந்த ஒரு வரியோடு அவருடைய வழக்கு செத்தது. ஒருவரின் நற்பெயருக்குக் கேடு வரும் என்று பயமுறுத்திக் காசு கேட்பதைப் பொலிஸ் கப்பம் கோருவதாகப் பார்க்கும். அதன்பிறகு தீவனத்தைப் பற்றிக் கதைக்கவே யாருக்கும் நேரமில்லை. அவருக்குப் பிணை எடுக்க நான் நீதிமன்றம் போனேன்.

ஆகவே இன்றைக்கே பதிவை எடுத்துவிடுங்கள். எடுத்ததைக் கடைக்காரருக்குச் சொல்லவோ, அதற்குப் பதிலாக எதையாவது கேட்கவோ வேண்டாம். உங்களை ஆதரித்துக் கருத்துப் போட்டவர்களோடும் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். விற்ற நாளிலிருந்து மூன்று மாதம்தான் தவணை, உங்களிடம் இருப்பது இருபது நாள் அளவில். அந்தச் சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்வது எழுத்து முறைப்பாடு ஆகாது. திறந்த சாக்கிலிருந்து தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இல்லாமல் நிறுத்து விற்றார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். அது உங்கள் நாயின் மரணக் காரணத்தை நம்பியில்லாத விஷயம், பரிசோதிக்கக்கூடியது. உங்கள் தெருவில் மற்றவர்களின் நாய்களுக்கும் அதனால்தான் பயன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அலைய வேண்டாம், உணவுச் சட்டம் மனிதர் உண்ணும் உணவைப் பற்றியது. மீதித் தீனைக் காற்றுப் புகாமல் கட்டி பிரீசரில் வையுங்கள். நிறுவன ஆள் வந்து "நாங்களே சோதித்துத் தருகிறோம்" என்றால் பாதியை மட்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

நட்டஈட்டுக்கு, சமாதானமாகப் போங்கள். தொகையை 20 இலட்சமாக்கினால், சிறு தொகைத் தகராறுகளை வழக்குக்கு முன் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையைத் தாண்டிவிடலாம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தச் சபைதான் உங்களுக்கு நல்ல இடம். அங்கே சாட்சிச் சட்டம் பார்த்து யாரும் உங்களை மடக்கமாட்டார்கள். மருத்துவச் சீட்டு 41,500 ரூபாய், குட்டி வாங்கிய விலை 60,000. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். 70,000 அளவில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். உடன்படிக்கையில் இரண்டு தரப்பும் இனி ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதில்லை என்றும், முகநூல் பதிவும் அதில் அடங்கும் என்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் காசை வாங்காமல் எழுந்து வாருங்கள்.